குவாதலூப்புக்கு முதல் முறை போகிறவர்களுக்கு, ஆண்டுதோறும் திரும்பிப் போகிறவன் சொல்வது

பாரிஸில் ஜனவரி மாதம் காலை எட்டரைக்கு மேல்தான் விடியும். அதை விடியல் என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். அந்த மாதக் கடைசியில் நானும் மனைவியும் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவுக்குப் போய்விடுவோம். கொரோனா தின்ற காலம் போக, ஒன்பது முறை போயாகிவிட்டது. "வேறு இடமே இல்லையா?" என்று கேட்கிற நண்பர்களே பிறகு தனியாகக் கூப்பிட்டு, எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் தீவின் உருவத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிறகு விரித்த பட்டாம்பூச்சி போல இருக்கும். கிழக்குச் சிறகு கிராந்த் தேர்: தட்டையான சுண்ணாம்புக்கல் பூமி, வெள்ளை மணல், கரும்பு வயல். மேற்குச் சிறகு பாஸ் தேர்: மலை, மழைக்காடு, அருவி, தெற்கில் 1467 மீட்டர் உயரத்தில் லா சூஃப்ரியேர் எரிமலை. இரண்டுக்கும் நடுவே ஆறு என்று பெயர் வாங்கிய ஒரு குறுகிய உப்புநீர்க் கால்வாய். இது பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோதான் செல்லும், கடைப்பலகையும் காவல்துறையும் பிரெஞ்சு. மக்கள் தங்களுக்குள் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி.

விசா: இதில் தவறினால் மற்ற எதுவும் பயன்படாது

குவாதலூப் பிரான்சுதான். ஆனால் ஷெங்கன் பகுதி (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டம்) அல்ல. இந்த ஒரு வரி தெரியாமல் நாங்கள் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. காரைக்காலிலிருந்து வந்திருந்த மாமியாரையும் ஓராண்டு கூட்டிப் போகலாம் என்று டிக்கெட் போட்டோம். அவரிடம் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட்டும் சாதாரண ஷெங்கன் விசாவும். பெட்டியைத் தராசில் ஏற்றிய பிறகு, கவுன்ட்டரில் இருந்த பெண் விசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர்மேல் குற்றமில்லை, படிக்காமல் வந்தது நாங்கள்தான். மாமியாரோடு மனைவி வீட்டுக்குத் திரும்ப, வாடகைக்கு எடுத்த வீட்டை வீணாக்கக் கூடாது என்று நான் மட்டும் போனேன். அதைப்பற்றி வீட்டில் இன்றும் பேச்சு வரும்.

ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவோடு வருகிறவர்கள், பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்கான விசாவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று: தீவுக்குப் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. பாரிஸ் வழியாகத் திரும்ப வேண்டுமென்றால் ஷெங்கன் விசாவில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய அனுமதி இருக்க வேண்டும். பிரெஞ்சுக் குடிமக்களுக்கு அடையாள அட்டை போதும். பிரான்சின் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் டிக்கெட்டில் விமான நிலையத்தின் பெயரைப் பாருங்கள். வந்து இறங்குவது சார்ல் த கோல். தீவுக்குப் போகும் பல விமானங்கள் கிளம்புவது ஓர்லி. இரண்டும் நகரத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள். பாரிஸிலிருந்து எட்டரை, ஒன்பது மணி நேரப் பயணம். கனடாத் தமிழர்களுக்கு மொன்றியலிலிருந்து நேரடி விமானம் உண்டு.

எந்த மாதம்

டிசம்பர் முதல் மே வரை உலர்ந்த பருவம், அங்கே அதைக் 'கரேம்' என்கிறார்கள். ஜூன் முதல் நவம்பர் முடிய புயல் பருவம். 1989 செப்டம்பரில் வந்த ஹ்யூகோ புயலைப்பற்றி வயதானவர்கள் இன்றும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். ஆகஸ்டு, செப்டம்பரில் டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று யோசியுங்கள்.

கிறிஸ்துமஸ் வாரமும், பிப்ரவரியில் பிரான்சின் பள்ளி விடுமுறை வாரங்களும் விலை எகிறும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரை. கார்னிவல் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவதோர் ஊரில் தோல் பறைகளும் சங்குமாகக் கூட்டம் தெருவில் இறங்கும். முக்கிய நாட்களின் நெரிசல் இல்லாமல் அதன் ருசி கிடைத்துவிடும். ஈஸ்டருக்குப் போனால் வேறொரு காட்சி: குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் கூடாரம் போட்டு, பெரிய பானையில் நண்டும் சோறும் சேர்த்து 'மாத்தேத்தே' சமைப்பார்கள். அந்த வாரம் அமைதியைத் தேடிப் போகாதீர்கள்.

எந்தக் கரை

புதிதாகப் போகிறவர்கள் படங்களைப் பார்த்துக் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டு முழுவதும் அங்கே வீசுவது கொண்டல், அதாவது கீழைக்காற்று. கிழக்குக் கரையில் அட்லாண்டிக் அலை அறையும். மேற்கே மலை காற்றைத் தடுப்பதால் கரீபியன் கடல் பெரும்பாலும் ஏரி மாதிரி கிடக்கும்.

காற்றோடும் நீரோட்டத்தோடும் சேர்ந்து வருவதுதான் சர்காசம் என்கிற பழுப்பு நிறக் கடற்பாசி. 2011 முதல் இது கரீபியன் தீவுகளுக்கெல்லாம் பெரும் தொல்லை. மிதக்கும்போது ஒன்றும் செய்யாது. கரையில் குவிந்து அழுகத் தொடங்கினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, தலைவலி உறுதி, ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. எங்கள் இரண்டாவது பயணத்தில் ஒரு மாறுதலுக்காக ஏப்ரலில் போய், கிழக்கு பார்த்த கரையில், விளம்பரத்தில் கண்ட ஒரு வீட்டை எடுத்தோம். ஜன்னலைத் திறந்தால் கடல், உண்மைதான். ஆனால் ஆறு நாள் ஜன்னலைத் திறக்கவே இல்லை. மனைவியின் வெள்ளிக் கொலுசு கறுத்துப் போயிற்று. அந்த வாயு வெள்ளியை அப்படித்தான் செய்யும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். வசந்தம் தொடங்கிக் கோடை முடியும் வரை பாசி அதிகம் வரும். புறப்படுவதற்கு முன் அந்த வாரத்துப் பாசி நிலவரத்தை வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள். சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் புரிந்துகொள்ளுங்கள்.

இனி என் சிபாரிசு. நீச்சல் தெரியாதவர்கள், சிறு பிள்ளைகள், முட்டி வலிக்கும் பெரியவர்கள் இருந்தால் கிராந்த் தேரின் தென்கரையில் சாந்த் ஆன் ஊர். ஊருக்கு நடுவிலேயே கடற்கரை. பவளத்திட்டு அலையை வெளியிலேயே நிறுத்திவிடுவதால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கதை பேசலாம். கொஞ்சம் தள்ளிக் காரவெல் கடற்கரை. படங்களில் வரும் வெள்ளை மணலும் சாய்ந்த தென்னையும் அங்கேதான். தீவின் கடற்கரைகள் எல்லாருக்கும் பொது; விடுதிக்கு முன்னால் இருக்கும் மணலிலும் நீங்கள் துண்டை விரிக்கலாம். மன்னர் காலத்தில் கரையோரம் 'ஐம்பது தப்படி' என்று 81 மீட்டர் சொச்சம் அகலத்துக்கு அரசு நிலமாக ஒதுக்கியதன் மிச்சம் அது.

நீந்தத் தெரிந்தவர்கள், கூட்டம் பிடிக்காதவர்கள் பாஸ் தேரின் மேற்குக் கரைக்குப் போங்கள். வடமேற்கில் தேஏ என்னும் மீனவர் ஊர். அதை அடுத்த கிராந்த் ஆன்ஸில் மணல் பொன்னிறம். ஆனால் கரை சட்டென்று ஆழமாகும், அலையும் உண்டு. பிள்ளைகளை விட்டுவிட்டுப் புத்தகம் படிக்கிற இடமல்ல. தெற்கே மாலாந்தூர்: கறுப்பு எரிமலை மணல், எதிரே புறா என்று பெயருள்ள குட்டித்தீவுகள். முகமூடியும் மூச்சுக்குழலும் போட்டு இருபது முப்பது மீட்டர் நீந்தினால் புல் மேயும் பச்சை ஆமைகளைப் பார்க்கலாம். தொடக் கூடாது, துரத்தக் கூடாது. சும்மா மிதந்தால் அதுவாகவே உங்களுக்குக் கீழிருந்து மூச்சு வாங்க மேலே வரும். முதல் முறை ஓர் ஆமையின் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அது என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இன்னும் தெற்கே புய்யான்த் ஊரில் பூமிக்கடியிலிருந்து வெந்நீர் கடலில் வந்து கலக்கிறது. ஒரு கால் சூட்டிலும் ஒரு கால் குளிரிலும் நிற்கலாம். மாமியார் (அவரையும் பிறகு முறையான விசாவோடு கூட்டிப் போனோம்) அந்த இடத்தை விட்டு எழ மறுத்துவிட்டார்.

வீடு

விடுதியைவிட 'ஜீத்' நல்லது. வீட்டுக்காரரின் தோட்டத்தில் தனியாகக் கட்டிய சமையலறையுள்ள சிறு வீடு அது. பதிவு செய்யும்போது நீச்சல்குளம் உண்டா என்று கேட்பதைவிட, தண்ணீர்த் தொட்டி உண்டா என்று கேளுங்கள். அருவிகளால் பெயர் பெற்ற தீவில் பழைய குழாய்கள் ஒழுகி, ஊர் ஊராக முறை வைத்துத் தண்ணீரை நிறுத்துகிறார்கள். கடலில் குளித்துவிட்டு உப்போடு வந்து நிற்கும்போது குழாய் இருமும். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்ட ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. ஆனாலும் விடுமுறையில் வேண்டாம். தொட்டி உள்ள வீட்டில் உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

கொசுவலையும் கேளுங்கள். டெங்கு பரப்பும் கொசு அங்கேயும் உண்டு.

கார்

பஸ்ஸை நம்பி விடுமுறையைத் திட்டமிட முடியாது, ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம். டிக்கெட் போட்ட அன்றே சிறிய கார் ஒன்றைப் பதிவு செய்துவிடுங்கள். வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும், கூரையும், சக்கர விளிம்பும் செல்பேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு ஒரு வாடகை நிறுவனம் நாங்கள் போடாத கீறலுக்குப் பணம் பிடித்தது. அன்று முதல் கல்யாண வீடியோக்காரர் மாதிரி வண்டியைச் சுற்றி வருகிறேன். காலை ஏழு முதல் ஒன்பது வரை ஜாரி தொழிற்பேட்டைப் பக்கம் போகாதீர்கள், வண்டிகள் நகராது.

கரையில் இறங்கும் முன்

மரத்தில் சிவப்புப் பட்டை பூசியிருந்தால் அதன் நிழலில் உட்காராதீர்கள். அது மான்சனீயே. சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும், வாசனையும் நன்றாக இருக்கும். ஆனால் காய், இலை, பால் எல்லாம் நஞ்சு. மழையில் அதன் கீழ் ஒதுங்கினால் சொட்டும் நீரே தோலைப் பொத்துப்போகச் செய்யும். பிச்சாவரத்துத் தில்லை மரம் தெரியும் அல்லவா, பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பார்களே, அதே குடும்பம்தான். எல்லா மரத்துக்கும் பட்டை பூசியிருக்காது. ஆகவே தெரியாத காயைப் பிள்ளைகள் கையில் எடுத்தால் உடனே தட்டிவிடுங்கள்.

வெயிலைப்பற்றி நமக்கு ஒரு மிதப்பு உண்டு. தீவு இருப்பது 16 பாகை வடக்கு, நம் பக்கத்து வெயில்தான். ஆனால் ஆண்டு முழுவதும் கம்பளிக்குள் இருந்த உடம்பு பழைய உடம்பில்லை. முதல் நாள் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை நிழலில் இருங்கள், தண்ணீருக்குள் போனால் கைநீள நீச்சல் சட்டை போடுங்கள். மாலை ஆறு மணிக்குச் சூரியன் விழும். விழுந்த கால் மணி நேரத்தில் இருட்டு, ஐரோப்பியக் கோடைபோல இழுத்துக்கொண்டிருக்காது. அதனால் கடற்கரை நாள் என்றால் ஏழு மணிக்கே மணலில் இருக்க வேண்டும். நேர வித்தியாசம் இதற்கு உதவும்: குளிர்காலத்தில் பாரிஸைவிட ஐந்து மணி நேரம் பின்னால் இருப்பதால் முதல் வாரம் விடிகாலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும்.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ழூர்' சொல்லுங்கள். சொல்லாமல் விலை கேட்டால், நீங்கள் கேட்டது யார் காதிலும் விழாது. சொல்லிவிட்டால் அத்தையும் மாமாவும் ஆகிவிடுவார்கள்.

சாப்பாடு

சூப்பர்மார்க்கெட் விலை திடுக்கிட வைக்கும். பெரும்பாலானவை கப்பலில் வருகின்றன, அதற்குமேல் கடல்வரி வேறு. மீனைத் துறைமுகத்தில் காலையில் வாங்குங்கள், காய்கறியைச் சந்தையில் வாங்குங்கள். சில்லறைப் பணம் வைத்திருங்கள். பாஸ் தேரின் தெற்கே ஓடைகளில் மீனோ இறாலோ நீங்களாகப் பிடித்துச் சாப்பிடாதீர்கள். வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை தெளித்த குளோர்டெகோன் என்னும் பூச்சிமருந்து அந்த மண்ணிலும் நீரிலும் இன்னும் இருக்கிறது.

மாலையில் கடற்கரை வண்டிகளில் 'போக்கித்' கிடைக்கும். பிசைந்த மாவை உருட்டித் தட்டி எண்ணெயில் போடுவார்கள். பூரி போல உப்பி வரும், ஆனால் பூரியைவிடத் தடிமன். சூட்டோடு வயிற்றைக் கத்தியால் கீறி, கருவாட்டுத் துருவலோ கோழியோ அடைத்து, காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள். "பிமான்?" என்று கேட்டால் மிளகாய் வேண்டுமா என்று அர்த்தம். நாங்கள் காரைக்கால்காரர்கள், எங்களுக்கா மிளகாய் என்று நான் ஒரு கரண்டி போடச் சொன்னேன். அந்த வண்டிக்கார அம்மாள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, கத்தி நுனியில் தொட்டுத் தடவினார். அது போதுமானதாக இருந்தது. இன்னும் சொன்னால், அதிகம்.

பிறகு 'கொலொம்போ'. ஆட்டுக்கறி, கோழி, பன்றி எதிலும் செய்வார்கள். மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள் கலந்த பொடி. வாயில் வைத்த உடனே யார் வீட்டுச் சமையல் என்று தெரிந்துவிடும். கொழும்பு நகரத்தின் பெயர் என்பாரும் உண்டு, குழம்புதான் அப்படித் திரிந்தது என்பாரும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், அதற்குச் சான்று என் நாக்கு மட்டுமே.

ஒரு தீவு போதும், ஒரு மலை போதும்

முதல் பயணத்தில் மாரி கலாந்த், லே சாந்த், தெசிராத் என்று எல்லாத் துணைத்தீவுகளையும் முடித்துவிட நினைப்பார்கள். படகு, வரிசை, வாந்தி என்று விடுமுறை போய்விடும். ஒன்று போதும்: லே சாந்த். துருவா ரிவியேர் துறையிலிருந்து இருபது நிமிடம் சொச்சம். போய்ச் சேர்வதற்குள் கடல் குலுக்கும், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். இறங்கும் இடத்திலேயே பெண்கள் கூடையில் தேங்காய்ப்பூரணம் வைத்த சின்ன வட்டப் பணியாரம் விற்பார்கள். பெயர் 'காதல் வேதனை'. இரண்டு வாங்குங்கள், ஒன்று காணாது.

எரிமலை உச்சியில் பெரும்பாலும் மேகம்தான். காலை ஏழு மணிக்குக் கீழிருந்து மலை தெளிவாகத் தெரிந்தால் மட்டும் ஏறுங்கள். தெரியாவிட்டால் அடுத்த ஆண்டு.

சாங்கி

காப்ஸ்தேர் பெல் ஓ ஊரின் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலையில், வாழைத் தோப்புகளுக்கு நடுவில், சாலையோரமாகவே சாங்கிக் கோயில் வரும்: வெள்ளைச் சுவர், வண்ணச் சுதைச் சிற்பங்கள். பிரேக் தானாகவே மிதிபடும். 1854 டிசம்பரில் ஒரெலி என்ற கப்பல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. 1889 வரை வந்த இந்தியர்கள் 42,000 பேருக்குமேல். அவர்களில் பலர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள். 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு இந்த ஊரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904இல் தொடங்கிய வழக்கு 1923 வரை இழுத்தது.

போகும்போது மூன்று விஷயங்கள். செருப்பைக் கழற்றுங்கள். பூசை நடந்தால் அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தமிழில் பேசத் தொடங்கி, அவர்கள் விழித்தால் ஏமாறாதீர்கள். பேச்சு போய் நெடுங்காலம் ஆகிறது. மாரியம்மன் 'மாலியேமென்' ஆகியிருக்கிறாள், வேப்பிலை 'வேப்பேலே' ஆகியிருக்கிறது. பாட்டு மட்டும் பொருள் தெரியாமல் காதுவழியாக வந்து நிற்கிறது. ஒரு முறை வெளித் திண்ணையில் ஒரு பெரியவர் எனக்கு ஒரு வரி பாடிக் காட்டி, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று பிரெஞ்சில் கேட்டார். பாதி புரிந்தது. மீதி எனக்கும் தெரியவில்லை.

திரும்பும் நாள்

பாரிஸ் விமானம் பெரும்பாலும் மாலையில் கிளம்பி மறுநாள் காலை இறக்கும். ஆனால் வீட்டைக் காலை பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும். இடையில் இருக்கும் நேரத்தை விமான நிலையத்தில் வீணாக்காதீர்கள். தோட்டத்துக் குழாயில் குளித்துக்கொள்ளலாமா என்று முந்தின நாளே கேட்டு வைத்தால் கடைசி நாளும் கடலில் இறங்கலாம். கையில் எடுத்துச் செல்லும் பையில் கம்பளிச் சட்டை மேலாக இருக்கட்டும். பவளமும் மணலும் எடுத்து வராதீர்கள். அன்னாசி, வாழை, தேங்காய் தவிர மற்ற பழங்களுக்கும் செடிகளுக்கும் சான்றிதழ் கேட்பார்கள். கொலொம்போப் பொடிக்குத் தடையில்லை.

மறுபடி வர வேண்டும் என்று தோன்றினால், கிளம்பும் முன்பே வீட்டுக்கார அம்மாவிடம் அடுத்த ஆண்டுத் தேதியைச் சொல்லி, நாட்காட்டியில் அவர் கையால் எழுத வையுங்கள். நேரில் பேசினால் விலையும் குறையும். நாங்கள் ஒவ்வொரு முறையும் பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லா ஷப்பேலிலிருந்து முறுக்கு வாங்கிப் போகிறோம், அதை அவர் ரம்மோடு கடிக்கிறார். மூன்றாவது ஆண்டிலிருந்து எங்கள் குடை, நீச்சல் துடுப்பு, மூச்சுக்குழல் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு அவர் வீட்டுப் பரணிலேயே வைத்துக்கொள்கிறார். மூடிமேல் எங்கள் குடும்பப் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார். கந்தசாமி. எங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல அல்ல; அவருடைய பக்கத்து வீட்டு ராமசாமிகள் எழுதுகிற மாதிரி, இரட்டை 'எஸ்' போட்டு.